அபினிச் சட்டமும் வலிக்கும் உடலும்

மார்ஃபின் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது போதைதான். புற்றுநோயாளியின் வலி அல்ல. இந்த ஞாபகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் சட்டத்தின் பங்கு பெரிது.

காலனிய அரசுக்கு அபினி பாவமல்ல, வருமானம். கிழக்கிந்தியக் கம்பெனி கங்கைச் சமவெளி விவசாயிக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடியைப் பயிரிட வைத்தது. பாட்னாவிலும் காஜிப்பூரிலும் பதப்படுத்தியதைக் கல்கத்தாவில் ஏலம் விட்டது. சீனா தடுக்கப் போனபோது 1839இல் போர் மூண்டது. 1857, 1878ஆம் ஆண்டு அபினிச் சட்டங்களின் கவலையெல்லாம் யார் பயிரிடலாம், யார் விற்கலாம் என்பதுதான். அரசின் ஏகபோகத்தைக் காத்த சட்டங்கள் அவை. நோயாளி அங்கே கண்ணில் படுவதேயில்லை.

இவற்றையும் 1930ஆம் ஆண்டு அபாயகர மருந்துகள் சட்டத்தையும் நீக்கிவிட்டு, 1985இல் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் வந்தது. வருமானம் இருந்த இடத்தில் இப்போது தண்டனை. பல குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு சிறை. மருத்துவப் பயன்பாட்டுக்கு அனுமதி இருந்தது, காகிதத்தில். நடைமுறையில் மாநிலத்துக்கு ஒரு விதி. வாங்க, வைத்திருக்க, கொண்டுபோக என்று வெவ்வேறு துறைகளிடம் நாலைந்து உரிமங்கள். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். மருந்துக்கடைக்காரர் என்ன செய்வார்? 'கணக்குல ஒண்ணு குறைஞ்சாலும் உள்ள போகணுமே, நமக்கெதுக்கு வம்பு' என்று வாங்குவதையே விட்டார்.

1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோயின் கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபினைப் பரிந்துரைத்தது. அதே சமயம் இங்கே மார்ஃபின் பயன்பாடு சரிந்துகொண்டிருந்தது. 1997இல் நாடு முழுவதற்கும் வெறும் 18 கிலோ. 1985க்குப் பின் ஏறத்தாழ 97 விழுக்காடு வீழ்ச்சி. உலக மருந்துக் கம்பெனிகளுக்குச் சட்டப்படி அபினி ஏற்றுமதி செய்த நாடு இது என்பதை மறந்துவிடக்கூடாது. சரக்கு கப்பலேறியது, விளைந்த மண்ணில் வலி மிஞ்சியது.

அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா? வேண்டும். 1996 முதல் அமெரிக்காவில் ஆக்ஸிகான்டினை விளம்பரம் செய்து விற்றுத் தள்ளியதன் விளைவை உலகம் பார்த்துவிட்டது. கேள்வி வேறு: யாரைக் கட்டுப்படுத்துவது? லாபத்தையா, வலியையா?

2014 திருத்தம் மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகளை 'அத்தியாவசிய' வகையில் சேர்த்து, பல உரிமங்களுக்குப் பதிலாக ஒரே அங்கீகாரம் போதும் என்றது. மருத்துவப் பயன்பாட்டை உறுதிசெய்வதும் அரசின் கடமை என்று சட்டத்தில் எழுதப்பட்டது. அந்தச் சில சொற்களுக்கு 29 வருஷம் ஆயிற்று. ஆனால் சட்டம் விதைத்த பயம் திருத்தத்தோடு போய்விடாது. மருத்துவர் கையிலும் கடைக்காரர் மனசிலும் அது தங்கியிருக்கும். அதோடு சண்டை போடுவதும் அரசியல்தான்.