ஊர்காவற்றுறை வணிகருக்கு ஒரு கல்வெட்டு

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டைப் பலர் கோயில் தானச் சாசனம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அது தானமல்ல, வணிகச் சட்டம். பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு எழுதுவித்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார்.

பரதேசி வணிகர் ஊர்காவற்றுறைக்கு வந்து தங்கவேண்டும், அவர்களுக்குக் காவல் கொடுக்கவேண்டும் என்கிறது கல்வெட்டு. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி. யானை குதிரையில் தனக்குப் பிரியம் என்று அரசன் காரணமும் சொல்கிறான். தனக்கு வேண்டிய சரக்குக்குச் சலுகை காட்டுவது இன்றைய நிதியமைச்சர்களும் செய்வதுதான். ஆனால் விகிதத்தை முன்கூட்டியே, இந்தக் கரை வணிகர் வாசிக்கும் மொழியில், கல்லிலும் செம்பிலும் எழுதச் சொன்னானே, சங்கு வியாபாரியின் மகனான எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரும் நிறைய எழுதினார்கள். தளபதி ஸ்வார்டெகுரூன் 1697இல் எழுதிய நீண்ட குறிப்பில் யானை விற்பனை, சங்கு குளிப்பு, தோணிகளுக்குக் கொடுக்கும் பாஸ் எல்லாம் வருகின்றன. ஆனால் அது அவருடைய ஆலோசனைச் சபைக்கு எழுதியது. பாஸ் கேட்டு நின்ற வணிகனுக்கு அல்ல. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு கொழும்பில் அச்சானது 1911இல். அந்த வணிகனின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்கூட அதற்குள் கண்மூடியிருப்பார்கள்.

ஆங்கிலேயர் சங்குக்கென்றே 1890இல் ஒரு கட்டளைச் சட்டம் போட்டார்கள். வங்காளத்துப் பெண்களின் வளையலுக்கு எங்கள் கடல் சங்கு போய்க்கொண்டிருந்த காலம் அது.

ஐயாவின் காலத்தில் நிலைமை வேறு. 1969ஆம் ஆண்டின் முதலாம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின், எந்தச் சரக்குக்கு லைசென்ஸ் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அறியக் கொழும்புக்குத்தான் போகவேண்டும். இரவு மெயிலில் போய் ஒரு கந்தோரில் காத்திருப்பார். "இந்தக் கடிதம் போதாது, மற்றதையும் கொண்டு வாரும்" என்பார்கள். மற்றது எது என்று அங்கே ஒருவரும் சொல்லமாட்டார்கள். வாசலில் நிற்கும் தரகர் சொல்வார், காசுக்கு. விதி என்னவென்று தெரிந்திருப்பதே ஒரு சரக்காகிவிட்டது. சங்கில் ஐயா கண்ட லாபத்தைவிட அதில் தரகர்கள் கண்டது கூட என்பது என் துணிபு.

ஏற்றுமதியாளருக்கு வழிகாட்டவும் 1979ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்றுமதி அபிவிருத்திச் சபை உருவானது. நல்ல எண்ணம். நான்கு வருடத்தில் யுத்தம் தொடங்கிவிட்டது. வடகடலில் மீன்பிடிக்கே தடை வந்தபோது ஏற்றுமதி ஆலோசனையை யார் கேட்கப்போகிறார்கள்?

சமாதானப் பேச்சு நடந்த 2003இல் சங்கு முகாமைத்துவ, ஏற்றுமதி ஒழுங்குவிதிகள் வந்தன. 70 மில்லிமீற்றருக்குக் குறைந்த விட்டமுள்ள சங்கைப் பிடிக்கவோ வைத்திருக்கவோ ஏற்றுமதி செய்யவோ கூடாது. நியாயமான விதிதான், குஞ்சுச் சங்கை அள்ளினால் அடுத்த தலைமுறைக்குக் கடலில் என்ன மிஞ்சும்? ஆனால் வர்த்தமானியைத் தேடி வாசிக்கிற சம்மாட்டி எங்கள் கரையில் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்த ஒருவர் சிறிய சங்கை மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கியபிறகே இதைக் கேள்விப்பட்டார்.

சங்கிலோ கடலட்டையிலோ முதல் போட நினைக்கும் தம்பி தங்கைமாருக்குச் சொல்கிறேன்: தரகரிடம் போகமுன் கடற்றொழில் திணைக்களத்துக்கு எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு முற்பணம் கொடுங்கள்.