தென்னாப்பிரிக்கத் தேசியக் கொடி

தென்னாப்பிரிக்கக் குடியரசின் இன்றைய தேசியக் கொடி 1994 ஏப்ரல் 27 அன்று நடைமுறைக்கு வந்தது. எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் பொதுத் தேர்தல் நடந்த நாட்களில் ஒன்று அது. கொடியை வடிவமைத்தவர் அரசுச் சின்னங்களின் பொறுப்பில் இருந்த ஃப்ரெடரிக் பிரவுனெல் (1940–2019). அண்டை நாடான நமீபியாவின் கொடி உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு.

அமைப்பு

கொடியின் நீளம் அதன் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு. கருப்பு, பொன், பச்சை, வெள்ளை, மிளகாய்ச் சிவப்பு, நீலம் என நிறங்கள் ஆறு. ‘மிளகாய்ச் சிவப்பு’ என்பது அரசியல் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே உள்ள பெயர். கம்பத்தை ஒட்டிய மேல் மூலையிலிருந்தும் கீழ் மூலையிலிருந்தும் புறப்படும் இரண்டு பச்சைப் பட்டைகள் நடுவில் கூடி, ஒரே பட்டையாக மறு ஓரம் வரை செல்கின்றன. ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப் படுக்க வைத்தது போன்ற வடிவம்.

அகலத்தை 15 பங்காகக் கொண்டால் மேலிருந்து கீழாகச் சிவப்பு 5, வெள்ளை 1, பச்சை 3, வெள்ளை 1, நீலம் 5. கம்பத்தை ஒட்டிய கருப்பு முக்கோணத்துக்கும் பச்சைக்கும் இடையிலுள்ள பொன் விளிம்பும் 1 பங்குதான். சிவப்பு, நீலம், பச்சை, கருப்பு ஆகிய அடர்நிறங்களில் எதுவும் இன்னொன்றைத் தொடுவதில்லை. இடையில் வெள்ளையோ பொன்னோ வந்துவிடுகிறது. ஐரோப்பியக் குலச்சின்னக் கலையின் பழைய விதி இது. ஆறு நிறங்கள் இருந்தும் இக்கொடி கண்ணை உறுத்தாததற்கு இதுவே காரணம்.

1928ஆம் ஆண்டுக் கொடி

இன்றைய கொடியின் பொருள் புரிய, அதற்கு முன் பறந்த கொடியின் வரலாற்றைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். 1899–1902 போரில் டிரான்ஸ்வால், ஆரஞ்சு விடுதலை நாடு என்னும், டச்சு வம்சாவளியினரான போயர்களின் இரு குடியரசுகளும் பிரிட்டனிடம் தோற்றன. 1910இல் அவையும் கேப், நேட்டால் குடியேற்றங்களும் இணைந்து தென்னாப்பிரிக்க ஒன்றியம் ஆயின. பிரிட்டனின் யூனியன் ஜாக்கே ஒன்றியத்தின் கொடியாக இருந்தது. தோற்ற நினைவு ஆறாத, போயர் வழிவந்த ஆப்பிரிக்கானர்களுக்கு அது தினமும் பார்க்க நேர்ந்த அவமானம்.

1924இல் ஜே.பி.எம். ஹெர்ட்சாக் பிரதமரானார். அவருடைய அமைச்சரவையில் உள்துறையைக் கவனித்த டி.எஃப். மலான், தனிக் கொடிக்கான மசோதாவை 1926இல் கொண்டுவந்தார். யூனியன் ஜாக்குக்கு அதில் இடமில்லை என்றதும் ஆங்கிலம் பேசும் வெள்ளையர்கள் கொதித்தெழுந்தனர். நேட்டாலில் ஒன்றியத்தை விட்டுப் பிரிவோம் என்ற குரல் எழுந்தது. நாட்டையே உலுக்கிய இந்தப் பூசல் 1927இல் ஒரு சமரசத்தில் முடிந்தது.

ஸ்பெயினுக்கு எதிராக 16ஆம் நூற்றாண்டில் ஆரஞ்சு இளவரசர் வில்லியத்தின் படையினர் ஏந்திய ஆரஞ்சு, வெள்ளை, நீலக் கொடி அடித்தளமாயிற்று. 1652இல் கேப்பில் டச்சுக் குடியேற்றத்தைத் தொடங்கிய யான் ஃபான் ரீபேக்கின் காலத்தை அது நினைவூட்டியது. நடு வெள்ளைப் பட்டையில் மூன்று குட்டிக் கொடிகள் வைக்கப்பட்டன: கம்பத்தின் பக்கம் யூனியன் ஜாக், நடுவில் செங்குத்தாகத் தொங்கும் ஆரஞ்சு விடுதலை நாட்டுக் கொடி, மறுபக்கம் டிரான்ஸ்வாலின் நான்கு நிறக் கொடி. கம்பத்தை ஒட்டிய இடம் மதிப்புக்குரியது என்பதால், யூனியன் ஜாக் கம்பத்தை நோக்கிப் பறப்பதாகத் திருப்பி வரையப்பட்டது. ஆரஞ்சு விடுதலை நாட்டுக் கொடிக்குள் நெதர்லாந்தின் மூவண்ணமும் ஒரு மூலையில் உண்டு. கொடிக்குள் கொடி, அதற்குள்ளும் ஒரு கொடி.

இத்தனை பேருக்கு இடம் தந்த அந்தத் துணியில் நாட்டின் பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கு ஒரு நூலிழையும் இல்லை. அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. 1928 மே 31இல் ஏற்றப்பட்ட இக்கொடியின் அருகில் 1957 வரை யூனியன் ஜாக்கும் பறந்தது. மசோதாவைக் கொண்டுவந்த மலானே 1948இல் பிரதமராகி இனஒதுக்கலை அரசுக் கொள்கையாக்கினார். அதன் பிறகு இந்தக் கொடி இனஒதுக்கலின் கொடியாகவே அறியப்பட்டது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்க வீரர்கள் அதை விட்டுவிட்டு வேறொரு தனிக் கொடியின் கீழ் அணிவகுத்தனர்.

புதிய கொடி

இனஒதுக்கல் முடிவுக்கு வந்துகொண்டிருந்த 1993இல் தேசியச் சின்னங்களுக்கான ஆணையம் பொதுமக்களிடம் வடிவங்கள் கேட்டது. 7,000க்கும் மேற்பட்டவை வந்து குவிந்தன. ஆறு தேறின; ஆறுக்கும் ஆதரவில்லை. தேர்தல் நெருங்கிவிட்ட 1994 பிப்ரவரியில் இப்பணி இனஒதுக்கலை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் சிரில் ராமபோசாவிடமும் அரசுத் தரப்பின் ரூல்ஃப் மேயரிடமும் ஒப்படைக்கப்பட்டது. கொடியியல் அறிஞர்களின் ஜூரிக் மாநாட்டில் 1993இல் ஒரு சொற்பொழிவின் நடுவே பிரவுனெல் கிறுக்கிவைத்த வடிவம் அப்போது கைகொடுத்தது. தொலைநகலில் கருப்பு வெள்ளையாகப் போய்ச் சேர்ந்த படத்துக்கு, கடையில் வாங்கிய வண்ணப் பென்சில்களால் நிறமேற்றி நெல்சன் மண்டேலாவிடம் காட்டி ஒப்புதல் பெற்றதாகப் பிரவுனெல் நினைவுகூர்ந்திருக்கிறார். மார்ச் 15இல் இடைக்கால நிர்வாகக் குழு அதை ஏற்றது. ‘இடைக்காலக் கொடி’ என்றே அது அறிமுகமானது. மக்கள் அதைத் தமதாக்கிக்கொண்ட வேகத்தில் அந்த அடைமொழி உதிர்ந்துபோனது. 1996ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அதை நிலைப்படுத்தியது.

நிறங்களுக்குப் பொதுவான பொருள் எதையும் கற்பிக்கக் கூடாது என்பது அரசின் நிலைப்பாடு. சிவப்பு சிந்திய ரத்தம், பொன் கனிவளம், பச்சை மண் என்று பள்ளிப் பாடங்களில் காணப்படும் விளக்கங்களுக்குச் சட்ட ஆதாரம் கிடையாது. நிறங்களின் பூர்வீகம் மட்டும் தெளிவானது. கருப்பு, பச்சை, பொன் மூன்றும் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் 1925 முதல் ஏந்திய நிறங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் டச்சு, பிரிட்டிஷ் கொடிகளிலும் டிரான்ஸ்வால் கொடியிலும் இருந்தவை. ஒரு தரப்பின் கொடியை மற்றொன்றின் மீது ஒட்டும் பழைய வழி இங்கே கைவிடப்பட்டது. இரண்டு கிளைகளாக வரும் பச்சைப் பட்டை ஒன்றாகி முன்னோக்கிச் செல்வது, பிரிந்து கிடந்த மக்கள் கூடி நடப்பதைக் குறிப்பதாகக் கொள்ளலாம். பிரவுனெல் மனதில் கொண்டிருந்த கருத்தும் அதுதான்.

கொடியைச் செங்குத்தாகத் தொங்கவிடும்போது சிவப்புப் பட்டை பார்ப்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். பழைய கொடியைத் தேவையின்றிக் காட்சிக்கு வைப்பது வெறுப்புப் பேச்சு என்று 2019இல் சமத்துவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய கொடிக்கு 2.2 கோடி ராண்ட் செலவில் 100 மீட்டர் கம்பம் நிறுவும் அரசுத் திட்டம் 2022இல் பொதுமக்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது.