சம்மட்டியிலிருந்து மின்துரப்பணம் வரை

கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள் இருபோகம் விளைவதற்குக் காரணம், மலையின் வயிற்றில் இடப்பட்ட ஒரு துளை. மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை அணையிட்டுத் தேக்கி, தேக்கடியருகே மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1886-இல் திருவிதாங்கூர் அரசுடன் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டது. மறு ஆண்டே பென்னிகுயிக் அவர்களின் தலைமையில் வேலை தொடங்கியது. 1895 அக்டோபர் 10-இல் சென்னை மாகாணக் கவர்னர் வென்லாக் பிரபு அதனைத் திறந்து வைத்தார்.

அணையின் சிறப்பைப் பலரும் பேசுவர். சுரங்கத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஏறத்தாழ 5,700 அடி நீளமும், 12 அடி அகலமும், ஏழரை அடி உயரமுமாக அச்சுரங்கம் முதலில் அமைந்தது. அக்கடினப் பாறையில் ஒவ்வோர் அடியும் சிறு சிறு துளைகளால்தான் முன்னேறியது. துளையிட்டு, வெடிமருந்து செலுத்தி, வெடித்து, கல்லை அள்ளி வெளியேற்றிய பிறகே அடுத்த துளை. துளையிடும் கருவியின் வரலாற்றை நாம் இம்மலையிலிருந்தே தொடங்கலாம்.

பழைய முறை எளிமையானது. ஒருவர் எஃகுக் கோலைப் பாறையின்மேல் நிறுத்திப் பிடிப்பார். மற்றவர் சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பார். ஒவ்வோர் அடிக்கும் கோலைச் சற்றே திருப்பிக் கொடுக்க வேண்டும். இல்லையேல் கோல் துளையிலேயே சிக்கிக்கொள்ளும். சம்மட்டி தவறினால் விரல் போகும், கை போகும். ஆனால் இருவருக்கும் அந்த அபாயம் கண்ணெதிரே நின்றது. அடிப்பவனும் பிடிப்பவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வேலை செய்தனர்.

ஆல்ப்ஸ் மலையில் மோன் செனி சுரங்கத்தை 1857-இல் வெட்டத் தொடங்கியபோது, இவ்வேகத்தில் சென்றால் வேலை முடியப் பல பத்தாண்டுகள் ஆகும் என்று அஞ்சினர். 1861-இல் அங்கே அழுத்தக் காற்றால் இயங்கும் துளைப்பொறி வந்தது. 1871-இல் சுரங்கம் திறக்கப்பட்டது. இடையில் 1867-இல் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரு புதுமைகளும் உலகெங்கும் சுரங்க வேலையை மாற்றின. பெரியாற்றுச் சுரங்கத்திலும் அழுத்தக் காற்றுத் துளைப்பொறிகள் பயன்பட்டன. பொறியிலிருந்து வெளிவரும் காற்று, மூச்சு முட்டும் சுரங்கத்துக்குச் சிறிது புதுக் காற்றையும் தந்தது.

ஆயினும் வேகத்துடன் வேறொன்றும் வந்தது. அதுதான் நுண்ணிய கல் தூசு. சம்மட்டி எழுப்பிய தூசைக் காட்டிலும் இது மிகுதி. கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லியது. ஆண்டுக்கணக்கில் அது நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் நோயை உண்டாக்கியது. அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் உலர்துளைப் பொறியை 'விதவையாக்கி' என்றே அழைத்தனர். உள்ளீடற்ற கோலின் வழியே நீரைச் செலுத்தித் தூசை அடக்கும் முறை பின்னரே வந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் கோலார் தங்கவயலுக்குச் சென்ற நம் மக்கள் இந்நோயின் கொடுமையை நன்கு அறிவார்கள். சம்மட்டிக்காரன் கண்ட அபாயம் கையளவு. பொறிக்காரன் காணாத அபாயம் மூச்சளவு.

இனி மின்சாரத்துக்கு வருவோம். 1889-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆர்னட், பிரெயின் என்னும் இருவர் மின்துளைப் பொறிக்குக் காப்புரிமை பெற்றனர். அதுவும் பாறைக்காகவும் நிலக்கரிக்காகவும் அமைந்த பெரும்பொறியே. பெரியாற்று நீர் கிழக்கே திரும்பிய அதே 1895-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனத்தார் கையில் ஏந்தத்தக்க முதல் மின்துரப்பணத்தைச் செய்தனர். ஏழரைக் கிலோ எடையுள்ள அதனை இரு கைகளாலும் பற்றி அழுத்த வேண்டியிருந்தது. 1917-இல் பால்டிமோரின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம், கைத்துப்பாக்கிபோன்ற பிடியும் விசையும் உடைய துரப்பணத்துக்குக் காப்புரிமை பெற்றது. இன்று நாம் கையாளும் கருவியின் வடிவம் அதுவே. தச்சர்கள் வில்லால் சுழற்றிய கருவிக்குத் 'துரப்பணம்' என்னும் அழகிய சொல் தமிழில் முன்பே உண்டு. பணியிடத்தில் 'டிரில் மெஷின்' என்பதே வழக்கு.

கருவி மட்டும் போதுமா? மின்சாரம் வேண்டுமே. நீலகிரியின் பைக்காரா மின்சாரம் 1930-களில் கோயம்புத்தூர்ப் பட்டறைகளை எட்டியது. மூணாற்றின் அருகே பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கியது. பாலக்காட்டில் மலம்புழா அணை 1955-இல் திறக்கப்பட்டது. பின்னர்ப் பரம்பிக்குளம் மலைகளில் நீர்ச்சுரங்கங்கள் எழுந்தன. குறவன் குறத்தி மலைகளுக்கு நடுவே எழுந்த இடுக்கி அணையின் மின் திட்டத்தை 1976 பிப்ரவரியில் இந்திரா காந்தி அம்மையார் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதன் மூலமற்றம் மின் நிலையம் பாறையைக் குடைந்து பூமிக்கடியில் அமைந்தது. அதன் திறன் 780 மெகாவாட். பாறையைத் துளைத்துப் பெற்ற மின்சாரம், இறுதியில் வீட்டுச் சுவரைத் துளைக்கும் கருவிக்குள் வந்து சேர்ந்தது.

இங்கே அபாயம் முற்றிலும் மறைந்துவிடுகிறது. 230 வோல்ட் மின்சாரத்துக்கு நிறமில்லை, மணமில்லை. மழை ஓயாத மலைநாட்டில் ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவர் கையிலுள்ள உலோகக் கருவியில் மின்கசிவு ஏற்பட்டால், அவர் உடலே மின்சாரம் பூமிக்குச் செல்லும் வழியாகிவிடும். இதற்காகவே மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனை மற்ற இரண்டைவிடத் தடித்தும் நீண்டும் இருக்கிறது. செருகும்போது அது முதலில் தொடும். உருவும்போது கடைசியில் விடும். அம்முனையை ஒடித்துவிட்டு வேலை செய்வதும், பிளக்கு இல்லாமல் இரு கம்பிகளைத் துளையில் சொருகித் தீக்குச்சியால் இறுக்குவதும் உயிரோடு விளையாடுவதாகும். சதுரத்துக்குள் சதுரம் பொறித்த கருவி இரட்டைக் காப்புடையது. அதற்கு மட்டுமே எர்த் வேண்டுவதில்லை. எதுவாயினும், கசிவை உணர்ந்து 30 மில்லி ஆம்பியரில் இணைப்பை அறுக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பிலிருந்தே மின்சாரம் எடுப்பது நலம்.

எஞ்சிய முறைகளும் எளியவையே. பிட்டை மாற்றுமுன் பிளக்கை உருவிவிட வேண்டும். சக்கின் மூன்று துளைகளிலும் சாவியிட்டு இறுக்கி, சாவியை மறவாமல் எடுத்துவிட வேண்டும். கல்லுக்கும் செங்கல்லுக்கும் கார்பைடு முனையுள்ள பிட். மரத்துக்கும் இரும்புக்கும் அதனதற்குரியது. ஒயர் எங்கேனும் வெடித்திருந்தால் டேப் சுற்றாமல் மாற்றிவிட வேண்டும். சுருளாக உள்ள நீட்டிப்பு ஒயரை முழுதும் விரித்தே பயன்படுத்த வேண்டும். சுருளிலேயே விட்டால் அது சூடேறி உருகும். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் சுவருக்குள் ஒயர் ஓடக்கூடும், அங்கே துளையிடலாகாது. தோளில் துண்டு, தொங்கும் வேட்டி, தளர்ந்த கையுறை ஆகியவை சுழலும் பிட்டுக்கு இரையாகும். பிட் சிக்கினால் கருவியே சுழன்று மணிக்கட்டை முறுக்கும். ஆகவே பக்கக் கைப்பிடியைப் பற்றி, கால்களை ஊன்றி நிற்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் தூசுக் கவசமும் அவசியம். தூசு பழைய பகைவன் அல்லவா!

பம்பாயிலும் பெங்களூரிலும் கேரளத்திலும் கட்டட வேலை செய்யும் நம்மவர் பலர், அயல் மொழியில் அச்சிட்ட கையேட்டைப் படிக்க இயலாமலே இக்கருவியை ஏந்துகின்றனர். கூலி நாள் கணக்கில், ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்துவார். அந்நிலையில் பிளக்கைப் பார்க்கும் அரை நிமிடமும் வீணாகத் தோன்றலாம். பெரியாற்றுப் பணியில் நோயால் மாண்டு அங்கேயே புதையுண்டோர் பலர். அக்காலத்தில் காக்கும் வழி அறியப்படவில்லை அல்லது எட்டவில்லை. இன்று வழி தெரியும். அது ஒரு முழு ஒயரிலும் மூன்றாம் முனையிலும் அடங்கியிருக்கிறது. அவை இல்லாத கருவியை வாங்க மறுப்பதற்கு எந்தத் தொழிலாளிக்கும் உரிமை உண்டு. அவரோடு வேலை செய்வோரும் அந்த மறுப்புக்குத் துணை நிற்க வேண்டும். கோல் பிடித்தவனும் சம்மட்டி அடித்தவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பழக்கம் இங்கும் வேண்டும்.