அடுப்படிக்கு வந்த போர்

போர் என்றதும் களமும் தளபதிகளும் நம் நினைவிற்கு வருகின்றனர். வீட்டு முற்றத்தில் நின்று சிறுவர் கண்ட போரும் வரலாறே. இரண்டாம் உலகப் போரில், குண்டுவீச்சுக்கு அஞ்சி ஆங்கிலேய நகரங்களின் குழந்தைகள் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாறு வேல்ஸ் நாட்டிற்குச் சென்ற மாணவியருள் ஒருவர் நீனா பாடன். அந்த அனுபவத்தை அடியாகக் கொண்டு 1973இல் அவர் படைத்த சிறுவர் நாவல் 'கேரியின் போர்'. அயலார் வீட்டில் தங்கிய அக்காள் தம்பியின் கதை அது.

நம் நாஞ்சில் நாட்டுச் சிறுவர்க்கும் அத்தகைய கதை உண்டு. அன்று இப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடி. அதன் நெற்களஞ்சியமும் இதுவே. ஆயினும் சமஸ்தானத்தில் விளைந்த நெல் மக்களுக்குப் போதவில்லை. பர்மா அரிசியே குறையை நிரப்பிற்று. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும், மார்ச்சில் இரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. பர்மா அரிசி வரத்து நின்றது. ஏப்ரல் 5இல் கொழும்பு நகரில் குண்டுகள் விழுந்தன. கடல் கடந்து பிழைக்கச் சென்றோரின் இல்லங்களில் பசியோடு கவலையும் குடிபுகுந்தது.

அரிசி பங்கீடாயிற்று. விளைந்த நெல்லில் மிஞ்சியதை விவசாயி அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்ப முனைந்த மரச்சீனியே ஏழைகளின் உயிர் காத்தது.

இக்காலத்தின் ஒரு சிறுமியைக் கதைத்தலைவியாகக் கொள்வோம். வாப்பாவின் கடிதம் ஏன் வரவில்லை? வயலெல்லாம் நெல் இருக்க, வட்டிலில் ஏன் மரச்சீனி? நோன்புக் கஞ்சிக்கு அரிசி ஏது? உம்மா மட்டும் ஏன் எப்போதும் "நான் தின்னாச்சு" என்கிறாள்? இக்கேள்விகளுக்கு விடை தேடும் கதை, பர்மா முதல் அடுப்படி வரையிலான வரலாற்றைக் குழந்தைக்குக் கற்பித்துவிடும்.

தேங்காய்ப்பட்டணத்தில் 1944இல், போர் ஓயுமுன் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான், 1988இல் நூலாக வந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் நம் கரையோரப் பேச்சையும் வாழ்வையும் இலக்கியமாக்கினார். அது பெரியோர்க்குரிய நாவல். அவ்வழியில் சிறுவர்க்கும் எழுதலாமன்றோ?

1942இல் பத்து வயதுச் சிறுமியாய் இருந்தவர் இன்று தொண்ணூறு கடந்த மூதாட்டி. அவர் நினைவு மங்குமுன் அருகமர்ந்து கேட்போம், கேட்டதை எழுதிவைப்போம். நாளைய கதாசிரியனுக்கு அதுவே வித்து.