302: பட்டறையில் பிறந்து பட்டியலில் ஏறிய எஞ்சின்

1966ஆம் ஆண்டு ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா, டிரான்ஸ்-ஆம் என்னும் பந்தயத் தொடரைத் தொடங்கியது. பெரிய கார்களுக்கான பிரிவில் எஞ்சினின் கொள்ளளவு ஐந்து லிட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. அது ஏறத்தாழ 305 கன அங்குலம். ஃபோர்டு நிறுவனத்தின் மஸ்டாங்கிடம் 289 கன அங்குல எஞ்சின் இருந்தது. செவ்ரோலே நிறுவனத்திடமோ 283, 327 என இரண்டு எஞ்சின்கள் இருந்தன. முன்னது விதிக்குள் அடங்கும், ஆயினும் சிறியது. பின்னது வலியது, ஆயினும் விதியை மீறியது.

இதற்குக் கண்ட தீர்வு எளியது. 327இன் சிலிண்டர் பிளாக்கில் 283இன் கிராங்க் ஷாஃப்டைப் பொருத்தினால் 302 கன அங்குலம் கிடைக்கும். இந்த யோசனையைச் செவ்ரோலேயின் பொறியாளர் வின்ஸ் பிக்கின்ஸ் முன்வைத்தார் என்றும், தலைமைப் பொறுப்பிலிருந்த பீட் எஸ்டெஸ் உடனே இசைந்தார் என்றும் வரலாறு பதிவு செய்திருக்கிறது. பதிவு பொய்யன்று, முழுமையானதும் அன்று.

கணக்கைச் சற்று விரித்துக் காண வேண்டும். 327இன் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம். அதனுள் பிஸ்டன் ஏறியிறங்கும் தொலைவு 3.25 அங்குலம். 283இல் விட்டம் 3.875 அங்குலம், தொலைவு 3 அங்குலம். பிஸ்டன் ஓடும் தொலைவை முடிவு செய்வது கிராங்க் ஷாஃப்ட். ஆகவே அகன்ற சிலிண்டரும் குறுகிய ஓட்டமும் ஓரிடத்தில் சேர்ந்தன. டர்போவோ சூப்பர்சார்ஜரோ இன்றித் தானே காற்றை இழுத்துக்கொள்ளும் எஞ்சினுக்கு இந்தச் சேர்க்கை பெரும்பேறு. அத்தகைய எஞ்சின் ஒரு சுற்றில் இழுக்கும் காற்றுக்கு வரம்பு உண்டு. கூடுதல் திறன் வேண்டுமெனில் நிமிடத்துக்குக் கூடுதல் முறை சுழல வேண்டும். 7000 சுற்றில் 327இன் பிஸ்டன் சராசரியாக வினாடிக்கு 19.3 மீட்டர் ஓட நேரிடும். 302இன் பிஸ்டனுக்கு 17.8 மீட்டர் போதும். அகன்ற சிலிண்டரின் மேல் பெரிய வால்வுகளுக்கும் இடம் உண்டு.

ஓர் எஞ்சினின் உள்ளுறுப்பு மற்றோர் எஞ்சினுள் எவ்வாறு பொருந்தியது? விடை 1955இல் இருக்கிறது. எட் கோலின் தலைமையில் வெளிவந்த 265 கன அங்குல வி-8 எஞ்சினில், அடுத்தடுத்த சிலிண்டர்களின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு 4.40 அங்குலம். 1957இன் 283, 1962இன் 327 ஆகியவற்றிலும் அவ்வளவை நிறுவனம் மாற்றவில்லை. கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகளில் அமரும் பகுதியின் விட்டமும் அவ்விரண்டிலும் ஒன்றே. தொழிற்சாலை எந்திரங்களை அடிக்கடி மாற்றாமல் செலவைக் குறைக்க உதவிய ஒற்றுமை இது. அதன் முழுப் பயனையும் முதலில் கண்டுகொண்டவர்கள் தொழிற்சாலைக்கு வெளியே இருந்தார்கள்.

அவர்கள் அமெரிக்க நகரங்களின் பட்டறைக்காரர்கள். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கிடங்குகளில் உறுப்புகளைத் தேடி வாங்கிய இளைஞர்கள். 327 வருவதற்கு முன்பே 283இன் சிலிண்டர்களை எட்டில் ஒரு அங்குலம் அகலக் கடைந்து 301 கன அங்குலமாக்கி நேர்கோட்டுப் பந்தயங்களில் ஓட்டியவர்கள். அவ்வாறு கடைந்தால் சிலிண்டர் சுவர் மெலியும். எல்லா பிளாக்கும் அதனைத் தாங்காது. 4 அங்குலச் சிலிண்டருடன் 327 வந்தபோது அந்த அச்சம் நீங்கியது. பழைய கிராங்க் ஷாஃப்ட் புதிய பிளாக்கில் நேராக அமர்ந்தது.

எனினும் எல்லாம் இரவலாகக் கிடைக்கவில்லை. ஓட்டம் கால் அங்குலம் குறைந்ததால், 327இன் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் அப்படியே இருந்தால் பிஸ்டன் உச்சிக்கு எட்டில் ஒரு அங்குலம் கீழேயே நின்றுவிடும். காற்று போதிய அளவு அழுத்தம் பெறாது. எனவே ராட் 327இனுடையதாகவே இருக்க, பிஸ்டன் மட்டும் புதிதாக வார்ப்புக்கு மாறாக அடித்து உருவாக்கப்பட்டது. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் கார்வெட்டின் 327இலிருந்து வந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1963இல் பந்தயங்களிலிருந்து விலகுவதாக முடிவு செய்திருந்தது. ஆதலால் இந்த எஞ்சின் பந்தய எஞ்சின் என்னும் அடையாளத்துடன் வெளிவரவில்லை. வாங்குவோர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதிகளுள் ஒன்றாக, இசட்28 என்னும் குறியீட்டின் கீழ் வந்தது. அலுவலகப் படிவத்துக்கென வைத்த குறியீடு பின்னர் காரின் பெயராகவே நிலைத்துவிட்டது. அறிவிக்கப்பட்ட திறன் 290 குதிரைத்திறன். உண்மைத் திறன் அதனினும் மிகுதி என்பது பரவலான கருத்து. 1967இல் அக்குறியீட்டுடன் 602 கார்களே உருவாயின. ஆயினும் 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ரோஜர் பென்ஸ்கே அணியின் கமாரோவில் மார்க் டோனஹ்யூ வெற்றிகளைக் குவிக்க, டிரான்ஸ்-ஆம் பட்டம் செவ்ரோலேக்குச் சென்றது.

விதியால் பிறந்த எஞ்சின் விதியாலேயே மறைந்தது. பெரிய எஞ்சினின் ஓட்டத்தைக் குறைத்துப் பந்தயத்துக்குக் கொண்டுவரலாம் என 1970இல் விதி தளர்ந்ததும், விற்பனைக்கான காரில் 302க்குத் தேவை இல்லாமல் போயிற்று; அவ்விடத்தில் 350 கன அங்குல எஞ்சின் அமர்ந்தது.

பட்டறைகள் ஓயவில்லை. 1970இல் வந்த 400 கன அங்குல எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டை எடுத்து, அது அமரும் பகுதியை 0.2 அங்குலம் கடைந்து குறைத்து, 350இன் பிளாக்கில் பொருத்தி 383 என்னும் எஞ்சினைச் செய்தார்கள். முன்பு ஓட்டத்தைக் குறைத்தார்கள், இப்போது கூட்டினார்கள். பின்னாளில் அந்த 383ஐயும் நிறுவனம் தன் பட்டியலில் சேர்த்து விற்றது.

இரண்டு முறையும் நிகழ்ந்தது ஒன்றே. கையில் கிரீஸுடன் அளந்து பார்த்தவர்களின் அறிவு, நிறுவனத்தின் பட்டியலில் ஒரு பாக எண்ணாக ஏறியது. பிக்கின்ஸின் பெயர் நினைக்கப்படுவது நியாயமே. பட்டறை அறிந்ததைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவரவும் ஒருவர் வேண்டியிருந்தது. ஆனால் 283இன் கிராங்க் ஷாஃப்டை 327இன் பிளாக்கில் முதன்முதலாக இறக்கிப் பார்த்தவர் யாரென எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.