மார்மைட் பாட்டிலும் சிவப்பு மாத்திரையும்

போன மாசம் அக்கா மகள் போன் பண்ணினாள். கல்யாணமாகி எட்டு மாசம் ஆகிறது. "மாமா, குழந்தைக்கு பிளான் பண்றதா இருந்தா இப்பவே ஃபோலிக் ஆசிட் போட ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொல்றாங்க. இன்னும் ஒண்ணுமே இல்லையே, அதுக்குள்ள எதுக்கு மாத்திரை? நீங்கதான் எதையாவது தோண்டித் தோண்டிப் படிப்பீங்களே, சொல்லுங்க" என்றாள்.

எனக்கு ஒரு வரியில் பதில் தெரியும். ஆனால் சொல்ல வந்தபோது தொண்டை கொஞ்சம் அடைத்துக்கொண்டது. 1994ல் அவளுடைய அம்மாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, முதல் குழந்தை பிறந்தது. நான் அப்போது பத்தாவது முடித்திருந்தேன். குழந்தையின் முதுகில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, தோல் மூடாமல் திறந்திருந்தது. பதினோரு நாள்தான் இருந்தது. கிரகணத்துல வெளியே வந்தாளா, எதையாவது வெட்டினாளா, நறுக்கினாளா என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அக்கா பதில் சொல்லவில்லை. அந்தக் குழந்தையைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் பேசுவதில்லை.

அதனால் ஒரு வரி பதிலோடு நிறுத்தாமல் இந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடிப்போனது குன்னூர், திருவல்லிக்கேணி என்று நம்ம ஊர்ப்பக்கமே சுற்றி வந்ததுதான் ஆச்சரியம்.

கதை 1928ல் பம்பாயில் தொடங்குகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர், வயது 40, அங்கே வந்து இறங்குகிறார். கேம்பிரிட்ஜில் முதலில் படித்தது தாவரவியலும் நிலவியலும். மருத்துவத்துக்கு வந்தது பிறகுதான், 1920ல் டாக்டர் ஆனார். பம்பாயில் கர்ப்பிணிகள் ஒருவிதமான கடுமையான சோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். குறிப்பாக ஜவுளி மில்களில் வேலை செய்த ஏழைப் பெண்கள். ஏன் என்று கண்டுபிடிக்க ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட்டில் ஓர் ஆய்வு. அதற்குத்தான் வந்தார்.

இரும்புச்சத்து குறைந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இந்தப் பெண்களுக்கோ அணுக்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் அளவுக்கு மீறிப் பெரிசு. காரணம் இப்போது தெரியும். ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் முதலில் தன் டி.என்.ஏ.வை நகல் எடுக்க வேண்டும். நகல் எடுக்கத் தேவையான சரக்கு இல்லையென்றால் செல் வளர்ந்துகொண்டே போகும், பிரிய மாட்டாது. (எங்க தொழில்ல சொன்னா, லூப் உள்ள போயிடுச்சு, வெளிய வர்ற கண்டிஷன் மட்டும் வரவே இல்ல.) வில்ஸுக்கு இதெல்லாம் தெரியாது. 1928ல் யாருக்குமே தெரியாது.

அவர் முதலில் பார்த்தது கிருமித் தொற்றா என்று. இல்லை என்றானதும் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். சாப்பாடு எவ்வளவு மோசமோ அவ்வளவு சோகை. காய்கறி, பழம், பால் ஏதும் சேராத சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு அதிகம்.

சாப்பாடுதான் காரணம் என்றால் அதைச் சோதித்துப் பார்க்க இந்தியாவில் அப்போது சரியான இடம் குன்னூர். அங்கே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ராபர்ட் மக்கேரிசன் 1918ல் ஒரே ஒரு அறையில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கியிருந்தார். அந்த ஒரு அறை வளர்ந்து, 1958ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மக்கேரிசனைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டு எடை பார்த்தவர் அவர். சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலி முதலிடம், மதராஸ் சாப்பாடு சாப்பிட்ட எலி கடைசி. தீட்டிய அரிசியின் மகிமை!

1929 ஏப்ரலில் இருந்து அக்டோபர் வரை வில்ஸ் குன்னூரில் வேலை செய்தார். பம்பாய்ப் பெண்கள் சாப்பிட்ட அதே மாதிரி சாப்பாட்டை கர்ப்பமான எலிகளுக்குக் கொடுத்தார். சோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்தால் வரவில்லை. ஆகா என்று நினைக்கும்போதுதான் ஒரு கூத்து. அந்த எலிகளின் சோகைக்குக் காரணம் பேன் மூலம் பரவும் பார்ட்டொனெல்லா என்ற கிருமி என்று பிறகு தெரிந்தது! சோதனை தப்பு, கிடைத்த துப்பு மட்டும் சரி. பல வருஷம் பழைய கோடை நோண்டியவர்களுக்கு இந்த அனுபவம் புதுசு இல்லை.

எலியை விட்டுவிட்டுக் குரங்குகளுக்கு மாறினார். அதே சத்தில்லாத சாப்பாடு, அதே பெரிய அணு சோகை. ஒரு குரங்கு ரொம்ப மோசமாகி, சாகக் கிடந்தது. அதற்கு மார்மைட்டைக் கொடுத்துப் பார்த்தார். குரங்கு எழுந்து உட்கார்ந்துவிட்டது.

மார்மைட் தெரியாதவர்களுக்கு: இங்கிலாந்தில் பர்ட்டன் என்ற ஊரில், பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து 1902 முதல் செய்கிறார்கள். கருப்பாக, பிசுபிசுவென்று, பயங்கர உப்பாக இருக்கும். ரொட்டியில் தடவித் தின்பார்கள். இலங்கை நண்பர் ஒருவர் எனக்குக் கொடுத்திருக்கிறார், ஒரு வாய்க்கு மேல் என்னால் முடியவில்லை. இலங்கையில் 1930களில் மலேரியா கொள்ளைநோய் வந்தபோது சூரிய மல் இயக்கத்துத் தொண்டர்கள் இதை மாத்திரையாக உருட்டி, பட்டினியில் வாடிய ஜனங்களுக்குக் கொடுத்தார்கள் என்பது கூடுதல் தகவல்.

வில்ஸ் அதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஈஸ்ட்டில் பி வைட்டமின்கள் உண்டு, விலையும் மலிவு. பம்பாய்க் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். சில நாளிலேயே பசி எடுத்தது, புது ரத்த அணுக்கள் பெருகின. 1931 ஜூனில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. அந்த வருஷ ஆரம்பத்தில் அவர் வேலை செய்த இடம் மதராஸ், கோஷா ஆஸ்பத்திரி.

ஆமாம், நம்ம திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியேதான். இப்போது கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனை என்று போர்டு இருக்கும், ஆனால் ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்றால்தான் சட்டென்று புரியும். ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று வீட்டுக்குள்ளேயே செத்துப்போன பெண்களுக்காக, 1885ல் மேரி ஷார்லீப் என்ற டாக்டரின் முயற்சியில் வந்த ஆஸ்பத்திரி. என் நண்பனின் இரண்டு குழந்தைகளும் அங்கேதான் பிறந்தார்கள். வராந்தாவில் பல மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். லூசி வில்ஸ் நடந்த இடம் என்று எனக்கு அப்போது தெரியாது.

வில்ஸின் இன்னொரு கண்டுபிடிப்பைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேறு வகை பெரிய அணு சோகைக்கு ஈரல் சாப்பிட்டால் குணமாகும் என்று மைனாட்டும் மர்ஃபியும் 1926லேயே காட்டியிருந்தார்கள், அதற்கு 1934ல் நோபல் பரிசும் வாங்கினார்கள். ஈரல் சாறை நன்றாகச் சுத்திகரித்தாலும் அந்த நோய் குணமாகும். ஆனால் வில்ஸின் நோயாளிகளுக்குச் சுத்திகரித்த சாறு வேலை செய்யவில்லை, சுத்திகரிக்காததுதான் வேலை செய்தது. அப்படியென்றால் ஈரலில் இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருக்க வேண்டும், ஒன்று சுத்திகரிப்பில் வெளியே போய்விடுகிறது. இதை 1937ல் எழுதினார். அந்தப் பெயர் தெரியாத பொருளுக்கு 'வில்ஸ் ஃபேக்டர்' என்று பேர் வந்தது. (சுத்திகரிப்பில் தங்கிய மற்றொன்று பி12. அது 1948ல்தான் தனியாகப் பிரிக்கப்பட்டது.)

அதற்குப் பிறகு ஒரே பொருளை ஆளாளுக்கு ஒரு பேரில் துரத்தினார்கள். குரங்கை வைத்துச் சோதித்தவர் வைட்டமின் எம் என்றார், கோழிக்குஞ்சை வைத்துச் சோதித்தவர்கள் வைட்டமின் பிசி என்றார்கள். ஒரே பக்கை நாலு பேர் நாலு டிக்கெட்டாகப் போட்ட மாதிரி. 1941ல் டெக்சாஸில் நாலு டன் ஸ்பினாச் கீரையை அரைத்து அதிலிருந்து துளியூண்டு பிரித்தெடுத்தவர்கள் வைத்த பேர்தான் நிலைத்தது: ஃபோலிக் ஆசிட். இலைக்கு லத்தீனில் ஃபோலியம்.

நாலு டன்னுக்குத் துளி என்றால் மருந்தாகக் கொடுக்க முடியாது. செயற்கையாகச் செய்ய வேண்டும். இங்கேதான் எல்லப்ரகட சுப்பாராவ் வருகிறார். 1895ல் பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் இரண்டு தடவை கோட்டை விட்டு, மூன்றாவது தடவை பாஸ் பண்ணியது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். அங்கிருந்து கோஷா ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம்தான். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தி சொன்னார் என்று கதரில் சர்ஜரி கோட் போட்டுப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, முழு எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். என்ற குறைந்த பட்டம்தான் கிடைத்தது. ஸ்புரூ என்ற குடல் நோயில் அண்ணனைப் பறிகொடுத்தவர் அவர். குடல் சத்தை உறிஞ்சாமல் போகும் அந்த நோயில் குறைந்துபோகிற பொருள்களில் ஃபோலிக் ஆசிட்டும் ஒன்று. 1945ல் அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் அவர் தலைமையில் இருந்த குழு ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகச் செய்தது.

அதே குழு செய்த இன்னொரு காரியமும் உண்டு. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் ஆசிட் வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார், நோய் வேகமெடுத்தது. சத்து எல்லாருக்கும் நல்லது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். செல் பிரிய உதவும் பொருள் புற்றுச் செல்லுக்கும் உதவும். அப்படியானால் அதைத் தடுக்கும் பொருள்? சுப்பாராவின் குழு அமினாப்டெரினைச் செய்து கொடுத்தது. 16 குழந்தைகளில் 10 பேர் தற்காலிகமாகத் தேறினார்கள் என்று 1948 ஜூனில் ஃபார்பர் எழுதினார். குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு மருந்து என்ற பேச்சே அங்கேதான் தொடங்குகிறது. அந்த ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார், வயது 53.

இனி என் அக்காவின் கதைக்கு வருகிறேன்.

கரு உருவானதும் ஒரு தட்டையான பட்டை சுருண்டு குழாயாக மூடிக்கொள்ளும். அதுதான் பின்னால் மூளையும் தண்டுவடமும். ஏறத்தாழ 28 நாளில் மூடி முடிந்துவிடும். அதாவது நாள் தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, டெஸ்ட் எடுத்து, டாக்டரைப் பார்க்கிற நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். அந்த நாலு வாரத்தில் செல்கள் பிரியும் வேகம் பயங்கரம், அப்போது ஃபோலிக் ஆசிட் குறைந்தால் குழாய் சரியாக மூடாமல் போகலாம். 1960களிலிருந்தே இந்தச் சந்தேகம் இருந்தது. பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 7 நாடுகளில் 33 மையங்களில் சோதித்து, 1991ல் முடிவை வெளியிட்டது. ஏற்கெனவே அப்படி ஒரு குழந்தை பிறந்த பெண்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் எடுத்துக்கொண்டால், மறுபடி நடக்கும் ஆபத்து 72 சதவீதம் குறைகிறது.

நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் இருக்கிறது. சோகைக்கு அது நல்ல மருந்து, லூசி வில்ஸ் துரத்திய அதே பிரச்சினை. ஆனால் முதுகுத்தண்டு விஷயத்தில் அது வந்து சேரும்போது ரயில் போயிருக்கும். பள்ளிப் பெண்களுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை கொடுப்பது இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பலாம், அவர்கள் விழுங்கினால். அமெரிக்காவில் 1998 முதல் மாவிலேயே கலந்துவிடுகிறார்கள். வில்ஸின் சொந்த நாடான பிரிட்டன் 2021ல்தான் கலப்பதென்று முடிவெடுத்தது.

ஒரு எச்சரிக்கை. பி12 குறைபாடு இருக்கும்போது ஃபோலிக் ஆசிட் மட்டும் நிறைய எடுத்தால் ரத்தம் சரியாகிவிட்ட மாதிரி தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். 1940களிலேயே இதைப் பார்த்துவிட்டார்கள். சைவக்காரர்கள் பி12ஐயும் சோதித்துக்கொள்வது நல்லது.

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். மாத்திரை எவ்வளவு மில்லிகிராம் என்று பார்க்கச் சொன்னேன், குடும்பத்தில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லச் சொன்னேன். "எப்படி ஒண்ணு மாமா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாது. அம்மாவிடம் கேள் என்றேன்.

அன்று ராத்திரி அக்கா கூப்பிட்டாள். "அந்த மாத்திரை அப்பவே இருந்துச்சாடா?"

இருந்துச்சு என்றேன். எல்லாருக்கும் அது கேட்பதில்லை, நூற்றுக்கு நூறு தடுப்பதும் இல்லை, 1991 சோதனை ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு அப்படி ஆனவர்களிடம் செய்தது, உனக்கு அது முதல் குழந்தை, என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கிரகணம் இல்லல்ல?" என்றாள்.

"இல்லக்கா."

"சரி, வை" என்று வைத்துவிட்டாள்.

கோஷா ஆஸ்பத்திரியின் 1930, 31 வருஷத்து ஆண்டறிக்கைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது இருந்தால், எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.