ஆற்றங்கரை மில்லில் ஒரு நூற்றாண்டு

1940 அக்டோபரில் வடக்கு லண்டனின் கோலின்டேல் பத்திரிகைக் கிடங்கின்மேல் ஜெர்மானியக் குண்டு விழுந்தது. சுமார் 6,000 தொகுதிகள் அன்று அழிந்தன. அவற்றில் பெரும்பாலானவை பிரிட்டிஷ், ஐரிஷ் ஊர்ப் பத்திரிகைகள். அங்கேயே அடுக்கியிருந்த அமெரிக்க நாளிதழ்கள் தப்பித்தன. அவற்றுக்கு ஆபத்து வந்தது ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்துத்தான். இந்த முறை குண்டு எதுவும் விழவில்லை. அவற்றைக் காத்துவந்த பிரிட்டிஷ் நூலகமே கைகழுவ முடிவு செய்தது.

1850-க்குப் பிந்தைய வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எவற்றுக்கெல்லாம் மைக்ரோஃபிலிம் இருக்கிறதோ, அவற்றின் காகிதப் பிரதிகள் இனித் தேவையில்லை என்று நூலகம் கருதியது. இடம் போதவில்லை என்பது காரணம். முதலில் பிற நூலகங்களுக்குக் கொடுப்பது, யாரும் கேட்காததை ஏலத்தில் விற்பது, அதிலும் போகாததைக் கூழாக்குவது என்று திட்டம் போட்டார்கள். 1999-ல் இந்தச் செய்தி அமெரிக்க எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கரின் காதுக்கு எட்டியது.

பேக்கர் நாவலாசிரியர். ‘நியூ யார்க்கர்’ இதழில் நூலகங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்தவர். நூலகங்கள் கம்ப்யூட்டருக்கு மாறிய வேகத்தில் பழைய அட்டவணை அட்டைகளைத் தூக்கி எறிவது தவறு என்று 1994-லேயே நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். இரண்டாண்டுகள் கழித்து, சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் ஏராளமான புத்தகங்களைக் குப்பைமேட்டுக்கு அனுப்பியதை அம்பலப்படுத்தினார். எழுதுவதோடு தன் வேலை முடிந்தது என்று அவர் இருந்திருக்கலாம். ஆனால் விற்பனையை நிறுத்தும்படி பிரிட்டிஷ் நூலகத்திடம் மன்றாடினார், பலிக்கவில்லை. அதனால் தானே ஏலம் கேட்டார்.

அவருக்குப் போட்டி, பழைய பத்திரிகைகளை விற்கும் வியாபாரிகள். அவர்களுடைய தொழில்முறையே வேறு. பைண்டு செய்த தொகுதியைப் பிரித்து, ஒவ்வொரு நாள் இதழையும் தனியாக விற்பார்கள். உங்கள் தாத்தா பிறந்த நாளின் பத்திரிகை, ஒரு போர் முடிந்த நாளின் பத்திரிகை என்று பரிசுப் பொருளாகப் போகும். ஐம்பது ஆண்டு வரிசை ஒன்று ஆயிரம் வீடுகளுக்குச் சிதறிவிட்டால் பிறகு அதை யாராலும் ஒன்றுசேர்க்க முடியாது. இதைத் தடுக்கத்தான் பேக்கரும் மனைவி மார்கரெட் பிரென்டானோவும் தங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பில் கைவைத்தார்கள். லாபநோக்கற்ற அமைப்பு ஒன்றைப் பதிவு செய்து, அதற்கு ‘அமெரிக்கப் பத்திரிகைக் காப்பகம்’ என்று பெயரிட்டார்கள். ஏலத்தில் வியாபாரியிடம் போன சிலவற்றை அவரிடமிருந்தே மறுபடி விலைக்கு வாங்கினார்கள். பிறகு அறக்கட்டளைகளின் உதவியும் கிடைத்தது. பல ஆயிரம் தொகுதிகள் கடல் தாண்டி வந்திறங்கின. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராலின்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரில், ஆற்றோரமாக நின்ற பழைய மில் கட்டடத்தில் இடத்தை வாடகைக்கு எடுத்து அவற்றை அடுக்கினார்கள்.

அதில் இருந்தவற்றைப் பார்த்தால் அவர் ஏன் துடித்தார் என்பது புரியும். ‘சிகாகோ டிரிபியூன்’, ‘நியூ யார்க் ஹெரால்டு டிரிபியூன்’ எல்லாம் இருந்தன. ஆனால் மகுடம், ஜோசப் புலிட்சரின் ‘நியூ யார்க் வேர்ல்டு’. 1883-ல் நஷ்டத்தில் கிடந்த அந்தப் பத்திரிகையை வாங்கிய புலிட்சர், சில ஆண்டுகளிலேயே அதை அமெரிக்காவின் முன்னணி நாளிதழ்களில் ஒன்றாக்கினார். சுதந்திரதேவி சிலை பிரான்சிலிருந்து வந்தபோது, அதை நிறுத்தப் பீடம் கட்டப் பணம் இல்லை. 1885-ல் ‘வேர்ல்டு’ வாசகர்களிடம் கையேந்தியது. ஒரு சென்ட், இரண்டு சென்ட் கொடுத்தவர்களின் பெயரையும் அச்சிட்டது. ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. நெல்லி பிளை என்ற இளம் நிருபரை உலகம் சுற்ற அனுப்பியதும் இதே பத்திரிகைதான். 72 நாட்களில் சுற்றி 1890 ஜனவரியில் அவர் திரும்பினார். வழியில் கப்பலுக்காகக் கொழும்பில் ஐந்து நாள் காத்துக்கிடந்ததும் அந்தப் பயணத்தில் அடங்கும். 1895-ல் மஞ்சள் சட்டைச் சிறுவன் என்ற படக்கதைப் பாத்திரத்தை அவுட்கால்ட் வரைந்தது இதன் பக்கங்களில்தான். ‘மஞ்சள் பத்திரிகை’ என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அதன் வேர் அந்தச் சட்டையில் இருக்கிறது. 1913 டிசம்பர் 21 ஞாயிறு இணைப்பில் ஆர்தர் வின் அமைத்த புதிர், குறுக்கெழுத்துப் போட்டிகளுக்கெல்லாம் முன்னோடி.

அந்த ஞாயிறு இணைப்புகள் பல வண்ணத்தில் வந்தவை. மைக்ரோஃபிலிமில் அவை கறுப்பு வெள்ளை. பக்கம் முழுக்க வரைந்த ஓவியம் அதில் ஒரு சாம்பல் திட்டாகிவிடுகிறது. அவசரத்தில் படமெடுத்தபோது பைண்டிங் மடிப்புக்குள் போன வரிகள் விழவில்லை. படமெடுத்த பிரதியில் இல்லாத இதழ்கள் ஃபிலிமிலும் இல்லை. போதாக்குறைக்கு, பழைய அசிடேட் ஃபிலிம் தானே சிதைந்து காடி நெடி அடிக்கத் தொடங்கும். காகிதம் அழியும் என்று பயந்து எடுத்த நகல், காகிதத்துக்கு முன்பே அழிவது இப்படித்தான்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 1870-களுக்குப் பிறகு பத்திரிகைக் காகிதம் கந்தலுக்குப் பதில் மரக்கூழில் தயாரானது. அதிலுள்ள அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கி நொறுங்கவைக்கும் என்பது உண்மை. ஆனால் எத்தனை காலத்தில் என்பதில்தான் சண்டை. நூலகங்கள் வைத்திருந்த சோதனை எளியது. பக்கத்தின் மூலையை முன்னும் பின்னுமாக மடிப்பார்கள். ஓரிரு மடிப்பில் ஒடிந்தால் அந்தப் புத்தகம் ‘நொறுங்கும்’ பட்டியலில் சேரும். பேக்கர் கேட்டது நியாயமான கேள்வி. யார் மூலையை மடித்து மடித்துப் படிக்கிறார்கள்? அப்படித் தேறாத புத்தகம் ஒன்றின் தாளை, படிக்கும்போது புரட்டுவது போல நூற்றுக்கணக்கான முறை புரட்டிப் பார்த்தார். தாள் அப்படியே இருந்தது. 2001-ல் வெளியான அவருடைய ‘டபுள் ஃபோல்டு’ புத்தகத்தின் தலைப்பே இந்தச் சோதனையின் பெயர்தான். அது அமெரிக்கத் தேசியப் புத்தக விமர்சகர் வட்டத்தின் விருதையும் பெற்றது.

நூலகர்கள் கொதித்தெழுந்தார்கள். இடம், பணம், ஆள் எதுவும் கையிலில்லாமல் எல்லாவற்றையும் எப்படிக் காப்பது என்று கேட்டார்கள். அவர்களுடைய சிரமம் மெய்யானது. எல்லா நூலகமும் எல்லாப் பத்திரிகையையும் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரே பத்திரிகையின் பிரதிகளை அடுத்தடுத்துப் பல நூலகங்கள் கழித்துக்கட்டியபோது, நாட்டில் ஒரு முழுத் தொகுப்பாவது எங்கேனும் மிஞ்சட்டும் என்று யாரும் பொறுப்பேற்கவில்லை. இந்த விஷயத்தில் பேக்கர் சொன்னதே சரி. லண்டன் பிரதிகள் நல்ல நிலையில் இருந்ததற்கு ரகசியம் எதுவும் இல்லை. வெளிச்சம் படாமல், அதிகம் புரட்டப்படாமல், பைண்டுக்குள் மூடிக்கிடந்தன, அவ்வளவுதான்.

பேக்கருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. பில் பிளாக்பியர்டு என்ற எழுத்தாளர், நாளிதழ்களில் வந்த படக்கதைகளின் வரலாற்றை எழுத முனைந்தார். 1960-களின் கடைசியில், நூலகங்கள் கழிக்கும் பத்திரிகைகளைத் தனி ஆளுக்குத் தரமாட்டார்கள் என்று தெரிந்ததும், தன் வீட்டையே ஒரு நிறுவனமாகப் பதிவு செய்து வாங்கிக் குவித்தார். 1990-களின் கடைசியில் அந்தச் சேகரம் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது எடை 75 டன். ஏற்றிச் செல்ல ஆறு பெரிய லாரிகள் தேவைப்பட்டன.

மில்லில் இருந்த தொகுதிகள் 2004-ல் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. அடுத்த ஆண்டு பேக்கரும் மார்கரெட்டும் ‘வேர்ல்டு’ வண்ணப் பக்கங்களைத் தேர்ந்தெடுத்துப் பெரிய புத்தகமாக வெளியிட்டார்கள். பிரிட்டிஷ் நூலகமும் கோலின்டேலை மூடிவிட்டு, யார்க்‌ஷயரில் பத்திரிகைகளுக்கென்றே தனிக் கட்டடம் எழுப்பி 2015-ல் திறந்தது. அங்கே இருட்டில், தீப்பற்ற முடியாதபடி ஆக்சிஜனைக் குறைத்த காற்றில், இயந்திரக் கைகள் தொகுதிகளை எடுத்து வைக்கின்றன.

நம் பக்கம் இந்தக் கதைக்கு இணையாகச் சொல்ல ரோஜா முத்தையா இருக்கிறார். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த அவர் செட்டிநாட்டுக் கோட்டையூரில் சேர்த்த நூல்களும் இதழ்களும் சுமார் ஒரு லட்சம். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. ஆனாலும் சேகரம் அமெரிக்காவுக்குப் போகவில்லை. சென்னையிலேயே நூலகம் அமைத்து மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். மூலப் பிரதிகளையும் காத்தார்கள். லண்டன் செய்யத் தவறியதை இங்கே செய்தார்கள்.

பரணில் தாத்தா கட்டிவைத்த சுதேசமித்திரன், தினமணிக் கட்டுகள் உங்கள் வீட்டில் இருந்தால், பழைய பேப்பர் கடைக்கு எடை போடும் முன் ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தேதிவாரியாக இருக்கும் வரிசையை மட்டும் தயவுசெய்து பிரித்துவிடாதீர்கள்.